தரகரை ஒழிக்கப் போயி தரகரையே தேடிப் போன கதை

கேள்வி: ஹைவ் மாதிரி பிளாக்செயின் சோஷியல் தளத்து மேல, ஆளுக்கு ஆள் நேரா வாங்கி விக்கிற மார்க்கெட் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன். நடுவுல தரகு, கமிஷன் எதுவும் கிடையாது. யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

செஞ்சு பாத்தேங்க. ரெண்டு வருஷம் ஓட்டினேன், அப்பறம் பாதிய கழட்டிப் போட்டுட்டேன். எந்தப் பாதிய ஏன் கழட்டினேன்ங்கறதுதான் உங்களுக்கு உபயோகப்படும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

நான் மன்னார்குடி பக்கம். 2018ல ஹைவ் கிடையாது, ஸ்டீம்தான், ஹைவ் அதுலேருந்து பின்னாடி பிரிஞ்சது. 2016ல ஆரம்பிச்ச பிளாக்செயின் அது, சுருக்கமா செயின்னு சொல்றேன், யாரும் அழிக்க முடியாத பொதுக் கணக்குப் புத்தகம்னு வெச்சுக்குங்க. பதிவு எழுதுனா ஓட்டு விழும், ஓட்டுக்கு ஏத்த மாதிரி ஏழு நாள்ல காயின் வரும். நம்மாளுங்களும் கவிதை சமையல்னு எழுதிட்டு இருந்தாங்க. நான் ஆபீஸ் வேலை போக ராத்திரில உக்காந்து அதுமேல ஒரு சந்தை கட்டினேன். திட்டம் என்னன்னா, திருத்துறைப்பூண்டி பக்கம் பாரம்பரிய விதை நெல் வெச்சிருக்கவங்க, தஞ்சாவூர்ல கலைத்தட்டு செய்யறவங்க, நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைக்காரங்க, இவங்கள்லாம் சரக்க நேரா போடணும், வாங்கறவங்க நேரா காசு அனுப்பணும். தரகு கிடையாது. கேக்க நல்லாத்தான் இருக்கு இல்ல?

டெக்னிக்கலா பாத்தா இந்தச் செயின் உண்மையிலேயே தோதானது, அத மறுக்கல. மூணு செகண்டுக்கு ஒரு பிளாக், அதாவது கணக்குல ஒரு பக்கம் ஏறிடும், அனுப்பறதுக்குத் தனியா கட்டணம் கிடையாது, அக்கவுண்டுக்குப் பேர் இருக்கு. மத்த செயின்ல மாதிரி நாப்பது எழுத்து அட்ரஸ காப்பி பண்ணி பயந்து பயந்து அனுப்ப வேண்டியதில்ல. ஆனா கட்டணம் இல்லன்னா சும்மா இல்லங்க. 2018 செப்டம்பர்ல வந்த ஹார்ட்ஃபோர்க் 20லேருந்து (செயினோட விதியையே மாத்தற அப்டேட்டுதான் ஹார்ட்ஃபோர்க்) ரிசோர்ஸ் கிரெடிட்டுன்னு ஒரு கணக்கு ஓடுது, நீங்க எவ்ளோ பவர் (செயின்ல பூட்டி வெச்ச காயின்) வெச்சிருக்கீங்களோ அந்த அளவுக்குத்தான் வேலை செய்யலாம், தீந்துட்டா ஊற ஊறத்தான் எடுக்கணும், கெணறு மாதிரி. முழுசா ஊற அஞ்சு நாள் ஆவும். புதுசா வந்த வெவசாயி அக்கவுண்ட்ல என்ன பவர் இருக்கும்? ரெண்டு பதிவு போட்டாரு, மூணாவது போவல, "தம்பி ஒங்க கடை சாத்திக்கிடுச்சு"ன்னு போன் வந்துச்சு. நான் என் பவர டெலிகேட் பண்ணி, அதாவது இரவல் குடுத்து குடுத்து ஓட்டினேன்.

ஆரம்பத்துல ஒவ்வொரு சரக்கையும் ஒரு பதிவாவே வெச்சேன், வெல, அளவு, ஊரு எல்லாத்தையும் அதோட ஜேசன் மெட்டாடேட்டால, அதாவது பதிவோட ஒட்டி வர்ற தகவல் பகுதில, சொருகினேன். தப்பு. ரெண்டு காரணம். ஒரு அக்கவுண்ட்லேருந்து ரெண்டு பதிவுக்கு நடுவுல அஞ்சு நிமிஷம் இடைவெளி வேணும்னு செயின்லயே விதி இருக்கு, பன்னெண்டு விளக்கு டிசைன் வெச்சிருக்கவரு ஏத்தி முடிக்க ஒரு மணி நேரம் உக்காரணும். ரெண்டாவது காரணம்தான் பெருசு. பதிவுன்னா ஓட்டு விழும், ஓட்டு விழுந்தா காசு. கொஞ்ச நாள்லயே விக்கிறதுக்காக இல்லாம ஓட்டுக்காகவே சரக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க. ஒரே கலைத்தட்டு போட்டோ நாலு பேர் பேர்ல வந்துச்சு. கேட்டா "ஸ்டாக் இல்லிங்க"ம்பாங்க. இல்லாத சரக்குக்கு நல்ல வரும்படி. அப்பறம் லிஸ்டிங்க எல்லாம் கஸ்டம் ஜேசனுக்கு மாத்தினேன், பதிவா இல்லாம வெறும் தகவலா செயின்ல எழுதற முறை அது, அதுல ஓட்டும் கிடையாது அஞ்சு நிமிஷக் காத்திருப்பும் கிடையாது, எட்டு கேபிக்குள்ள அடக்கணும், அவ்ளோதான். போட்டோவ செயின்ல வைக்க முடியாது, லிங்க் மட்டும்தான், அந்த சர்வர் படுத்தா படமும் போச்சு.

அளவுல ஒரு கூத்து. "ஒரு மூட்டை"ன்னு ஒருத்தர் போட்டா அவருக்கு அது 60 கிலோ, கொள்முதல் நிலையத்துச் சிப்பத்தோட பழகுனவருக்கு 40 கிலோ, இன்னும் சில பெரியவங்க மரக்கால் கணக்குல போட்டாங்க. இத எந்த செயினும் சரி பண்ணாது. கிலோவ கட்டாயமாக்கிடுங்க.

அப்பறம் ரெப்புடேஷன். பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர் நிக்கும், 25ல ஆரம்பிக்கும், ஓட்டு விழ விழ ஏறும். வாங்கறவங்க அத பாத்து நம்பினாங்க. ஒருத்தருக்கு 62 இருந்தா அவரு நல்லா கவிதை எழுதறாருன்னு வேணா சொல்லலாம், இல்ல பெரிய கைக்கு வேண்டியவருன்னு சொல்லலாம், நல்ல நெல்லு வெச்சிருக்காருன்னு அதுல எங்க இருக்கு? வியாபாரத்துக்குன்னு தனி ரேட்டிங் நீங்களே எழுதித்தான் ஆவணும்.

ராத்திரி தூக்கம் போன விஷயம் மெமோ. காசு அனுப்பும்போது ஒரு வரி எழுதலாம். முன்னாடி ஒரு ஹேஷ் குறி (#) போட்டாத்தான் அது என்கிரிப்ட் ஆவும், அதாவது வாங்கறவரு மட்டும் படிக்கற மாதிரி பூட்டிக்கும், போடலன்னா ஊருக்கே தெரியும். கோயம்புத்தூர்லேருந்து ஒரு அக்கா வீட்டு நம்பர், தெரு, போன் நம்பர் எல்லாத்தையும் அப்படியே அடிச்சு அனுப்பிட்டாங்க. நான் பாத்து அலறி போன் பண்ணேன். "அழிச்சிருங்க தம்பி"ன்னாங்க. அழிக்க முடியாதுக்கா, அதுதானே இதோட பெருமைன்னு நாம சொல்லிட்டுத் திரியறோம். இன்னிக்கும் அது அங்கதான் இருக்கு. அன்னிக்கு ராத்திரியே ஹேஷ் இல்லாத மெமோவ அனுப்பவே விடாத மாதிரி ஸ்கிரீன மாத்தினேன்.

சரி, காசு வந்துருச்சு, அத ரூபாயா மாத்தணுமே. ரிசர்வ் பேங்க் 2018 ஏப்ரல்ல போட்ட சுற்றறிக்கையால பேங்குங்க கிரிப்டோ பக்கமே வரக்கூடாதுன்னு இருந்த காலம், 2020 மார்ச் 4ல சுப்ரீம் கோர்ட் அத ரத்து பண்ற வரைக்கும் அதான் நெலமை. பட்டறைக்காரருக்கு ஸ்டீம் டாலர்ங்கற அந்தச் செயின் காயின் எதுக்கு? அவருக்குப் பித்தளை வாங்க ரூபா வேணும். அதனால அந்தக் காயின நான் என் அக்கவுண்ட்ல வாங்கிக்கிட்டு என் கைக்காச குடுத்தேன். அதாவது தரகு வேண்டாம்னு ஆரம்பிச்சவன் நாலு மாசத்துல தரகனா உக்காந்திருந்தேன், அதுவும் நஷ்டத்துக்கு.

இப்ப எஸ்க்ரோ, அதாவது சரக்கு சரின்னு தெரியற வரைக்கும் காச நடுவுல நிறுத்தி வைக்கறது. இதத்தான் நீங்க முக்கியமா படிக்கணும். இந்தச் செயின்லயே எஸ்க்ரோ உள்ள இருக்கு, தனியா ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுன்னு ப்ரோக்ராம் எழுத வேண்டாம். வாங்கறவரு காச போடும்போது விக்கிறவரு பேரு, ஏஜெண்ட்டுன்னு மூணாவது ஆளு பேரு, அவரோட கூலி, ரெண்டு கெடு, எல்லாம் குடுக்கணும். மொதக் கெடுவுக்குள்ள விக்கிறவரும் ஏஜெண்ட்டும் ஒத்துக்கலன்னா காசு திரும்பிடும். ஒத்துக்கிட்டா காசு நடுவுல நிக்கும். தகராறு இல்லன்னா வாங்கறவரு விடுவிக்கலாம், விக்கிறவரு திருப்பிக் குடுக்கலாம். தகராறுன்னு ஒருத்தர் பதிஞ்சுட்டா அப்பறம் ஏஜெண்ட் மட்டும்தான் யாருக்குன்னு முடிவு பண்ண முடியும். பாருங்க, கோடு எழுதுன ஆளே நடுவுல ஒரு மனுஷன் வேணும்னு எடம் விட்டு வெச்சிருக்கான். நான் அத ஒரு ஃபீல்டுன்னு நெனச்சு என்னோட இன்னொரு அக்கவுண்ட் பேர போட்டு வெச்சிருந்தேன்.

2019 மாசில வந்துச்சு வினை. இஞ்ச தை அறுப்புல எடுத்த மாப்பிள்ளைச் சம்பா விதை நெல்லு 30 கிலோ, செய்யாறு பக்கத்துலேருந்து ஒருத்தர் வாங்கினாரு. அவருக்கு விதைப்பு ஆடிலதான், ஆனா எஸ்க்ரோல நான் வெச்ச கெடு பத்து நாள், அதுக்குள்ள பாத்துடணும்னு நூறு மணிய எண்ணி ஈரச் சாக்குல சுத்தி வெச்சுப் பாத்திருக்காரு. 38தான் மொளச்சுது. விதை நெல்லுக்கு முளைப்பு 80 சதவீதமாவது இருக்கணும்ங்கறது சான்று விதைக்கு அரசாங்க அளவு. போட்டோவோட தகராறு பதிஞ்சுட்டாரு. குடுத்தவரு என்னடான்னா "மூணு தலைமுறையா கட்டற விதைக்கோட்டை, பொய் சொல்ல என்ன வந்துச்சு"ன்னு கொதிக்கிறாரு. ஏஜெண்ட் நான். எனக்கு நெல்லுன்னா சாப்பிடத்தான் தெரியும்.

எங்க தெருவுல ஒரு மாமா இருக்காரு, முப்பது வருஷம் நெல்லு தரகு. அவர்ட்ட போனேன், வெக்கத்த விட்டுத்தான். திண்ணைல வெத்தலை மடிச்சுக்கிட்டே முழுசா கேட்டாரு.

"ஏம்ப்பா, என்னைய ஒழிக்கத்தானே இந்த மிஷினே செஞ்ச?"

"மாமா, அத அப்பறம் பேசுவோம், இது யாரு தப்பு?"

"அறுத்து எத்தன நாளாச்சு?"

"இருவத்தஞ்சு நாள் இருக்கும்."

"அப்ப அது தூங்குது. எழுப்பிப் பாத்தா எப்படி எந்திரிக்கும்? இஞ்ச குடு ஒரு புடி."

அவ்ளோதான் விஷயம். புதுசா அறுத்த நெல்லுக்கு விதை உறக்கம்னு ஒண்ணு உண்டு, ரகத்துக்கு ரகம் மாறும், சிலதுக்கு சில வாரம், சிலதுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் போவும், அது வரைக்கும் நல்ல விதையும் மொளைக்காது. நெல்லு கெட்டதும் இல்ல, ஆளு பொய்யும் இல்ல, என் பத்து நாள் கெடுதான் தப்பு. மாமா அந்தச் செய்யாறுக்காரர்ட்ட போன்ல பேசினாரு, "வெயில்ல ரெண்டு நாள் காய வெச்சு எடுத்து வைங்க, பங்குனி கடைசில மறுபடி எண்ணிப் பாருங்க, அப்பவும் மொளைக்கலன்னா நான் சொல்லி காச திருப்பித் தர்றேன்." அவரு யாருன்னே அந்த ஆளுக்குத் தெரியாது, ஆனா பேசின தோரணைலயே ஒத்துக்கிட்டாரு. தகராறு பதிஞ்ச எஸ்க்ரோவுக்கு கெடு கிடையாது, ஏஜெண்ட் விடற வரைக்கும் அப்படியே நிக்கும், அது ஒரு வகைல நல்லதாப் போச்சு. பங்குனில 91 மொளச்சு போட்டோ வந்துச்சு, காச விட்டேன்.

அதுக்கப்பறம் விதை நெல்லு எஸ்க்ரோ எல்லாத்துக்கும் மாமா பேர்ல ஒரு ஏஜெண்ட் அக்கவுண்ட். காச நகர்த்தற சாவியான ஆக்டிவ் கீ என் லேப்டாப்லதான், அது சுத்தமான டீசென்ட்ரலைசேஷன் (ஒரே ஆள் கையில அதிகாரம் குவியாம இருக்கறது) இல்லன்னு தெரியும், திட்டறவங்க திட்டுங்க. விளக்குக்கு ஒரு பாத்திரக்கடை அண்ணன் ஏஜெண்ட், எடையும் திருகு மரையும் பாத்து சொல்வாரு.

எஸ்க்ரோல இன்னொரு பள்ளம் இருக்கு, கவனிங்க. தகராறு பதியாம ரெண்டாவது கெடு முடிஞ்சுட்டா, வாங்கறவரு விக்கிறவரு யார் வேணா யாருக்கு வேணா காச விடுவிச்சுக்கலாம். முந்துனவன் கை. அதனால கெடு முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ரெண்டு பேருக்கும் மெசேஜ் போற மாதிரி கண்டிப்பா வைங்க.

2020ல நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பிப்ரவரில டிரான்ங்கற இன்னொரு செயின ஆரம்பிச்ச ஜஸ்டின் சன், ஸ்டீம கட்டின ஸ்டீமிட் கம்பெனிய வாங்கினாரு, யாரு கட்டுப்பாடுன்னு விட்னஸ் ஓட்டுல (செயின ஓட்டறவங்களத் தேர்ந்தெடுக்கற ஓட்டு) சண்டை, மார்ச் 20ல ஒரு கூட்டம் பிரிஞ்சு ஹைவ் வந்துச்சு. பழைய கணக்கு அப்படியே ரெண்டு பக்கமும் நகலாச்சு. என் சந்தைல இருந்த லிஸ்டிங்கும் ரெண்டு செயின்லயும் இருக்கு, ஒரு நெல்லு மூட்டை எப்படி ரெண்டு எடத்துல இருக்கும்? நான் ஹைவ் பக்கம் போனேன். போயி நாலு நாள்ல லாக்டவுன், பார்சல் ஆபீஸே தொறக்கல. காயின்ல காசு போற பாதி அங்கதான் கழண்டுச்சு.

இப்ப நான் வெச்சிருக்கறது எதுன்னா, லிஸ்டிங், கைமாறின கணக்கு, வியாபார ரேட்டிங், இது மூணும் ஹைவ்ல கஸ்டம் ஜேசனா போவுது, போஸ்டிங் கீ போதும், காச நகர்த்த முடியாத சாவி அது, தொலைஞ்சாலும் திருடு போனாலும் யாரு காசும் போவாது. 2022 அக்டோபர் ஹார்ட்ஃபோர்க்லேருந்து ரிசோர்ஸ் கிரெடிட்ட மட்டும் தனியா டெலிகேட் பண்ணலாம், புதுசா வர்றவங்களுக்கு அதக் குடுத்துடறேன். காசு யுபிஐல போவுது. மறுபடி காயினுக்குப் போவல, ஏன்னா 2022 ஏப்ரல்லேருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலைலேருந்து 1 சதவீத டிடிஎஸ், ஒண்ணுல வந்த நஷ்டத்த இன்னொண்ணுல கழிக்கவும் விட மாட்டாங்க. விதை நெல்லு விக்கிற மனுஷன இதுல இழுத்து விட எனக்கு மனசு வரல. நீங்க காயின்லதான் ஓட்டணும்னா ஒரு ஆடிட்டரப் பாத்துட்டு ஆரம்பிங்க. கீ விஷயம் வேற. ஒரு பெரியவரு பாஸ்வேர்ட காலண்டர் தாள்ல எழுதி வெச்சிருந்தாரு, மாசம் முடிஞ்சதும் வீட்ல கிழிச்சுப் போட்டுட்டாங்க, அந்த அக்கவுண்ட் போனது போனதுதான்.

உங்க எடத்துல நான் இருந்தா கோடு எழுதறதுக்கு முன்னாடி, நீங்க விக்கப் போற சரக்குக்கு எங்க மாமா மாதிரி ஒரு ஆளு யாருன்னு மொதல்ல தேடுவேன்.

அந்த செய்யாறு கேஸுக்கு மாமாவுக்கு நியாயமா சேர வேண்டிய கூலி அரை ஸ்டீம் டாலர், அவரு அக்கவுண்ட்லயே போட்டு வெச்சேன், எடுக்கவே இல்ல. ஹைவ் பிரிஞ்சப்ப அதுவும் நகலாயி ஸ்டீம்ல ஒரு அரை, ஹைவ்ல ஒரு அரைன்னு நின்னுச்சு. போயி சொன்னேன். வெத்தலைய தூத்துனு துப்பிட்டு, "சும்மா இருந்ததுக்கே ரெட்டிப்பா? அப்ப இதுல ஏதோ இருக்குடா"ன்னாரு.