‘நாங்க நல்லா இருக்கோம்’ என்ற பொய்

கேள்வி: நாங்கள் வெளிநாட்டில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. நான், மனைவி, 11 வயது மகன். கொரோனா சமயத்தில் ஊரில் என் அப்பா இறந்துபோனார். விமானம் இல்லை, இறுதிச் சடங்கைப் போனில்தான் பார்த்தேன். இப்போதும் எங்காவது புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், மனைவி நடுராத்திரி எழுந்து போனைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள். என் விசா வேலையோடு சேர்ந்தது. இந்த நாட்டு மொழி எங்கள் இருவருக்குமே அரைகுறை, தபாலில் வரும் கடிதங்களை மகன்தான் படித்துச் சொல்கிறான். இன்னொரு பெருந்தொற்று வந்தால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் நோயைப் பற்றி இருப்பது ஒன்றிரண்டு வரிதான். மற்றதெல்லாம் தூரம் தந்த பாரம். பெருந்தொற்று வந்தால் உள்ளூர்க் குடும்பத்துக்கு ஒரு நாட்டுக் கவலை, உங்களுக்கு இரண்டு நாட்டுக் கவலை. அதனால் யோகா செய்யுங்கள், நல்ல பாட்டுக் கேளுங்கள் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அவை கெடுதல் செய்யாது. ஆனால் உங்கள் சிக்கல் இருப்பது வேறிடத்தில்.

வாராவாரம் ஊருக்குப் போன் பேசுவீர்கள் இல்லையா, அதை யோசித்துப் பாருங்கள். இங்கே வேலை போய்விடுமோ என்ற பயம், வீட்டில் ஒருவருக்கு இருமல். வீடியோ அழைப்பு வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, “நாங்க நல்லா இருக்கோம்மா” என்கிறோம். அந்தப் பக்கம் அம்மா மாத்திரைப் பட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, “இங்கேயும் ஒண்ணுமில்லப்பா” என்கிறார். இரண்டு பக்கமும் அன்பினால் சொல்லும் பொய். விளைவு என்ன? அடுத்த முறை அம்மா உண்மையாகவே ஒன்றுமில்லை என்றாலும் நம்ப முடிவதில்லை. குரலில் சளி கட்டியிருக்கிறதா, கண் வீங்கியிருக்கிறதா என்று திரையில் துப்பறிய ஆரம்பிக்கிறோம். என்னிடம் வரும் புலம்பெயர்ந்த குடும்பங்களில் தூக்கத்தைக் கெடுப்பது பல நேரம் இந்தத் துப்பறிதல்தான். கெட்ட செய்திகூட அந்த அளவுக்குக் கெடுப்பதில்லை.

ஆகவே நோய் ஏதும் இல்லாத இப்போதே ஊரில் இருப்பவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மூன்று விஷயங்களை இரு தரப்பும் மறைக்கவே கூடாது: மூன்று நாள் தாண்டிய காய்ச்சல், மருத்துவமனையில் சேர்ப்பது, வேலை அல்லது வருமானம் போவது. இவற்றை யார் யாரிடம் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். அம்மா சொல்ல மாட்டார், அது தெரிந்ததுதான். பதறாமல் பேசக்கூடிய ஒரு தங்கையோ சித்தப்பா மகனோ இருப்பார், அந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழு இதற்கு ஆகாது. அங்கே ஒரு தும்மல்கூட அரை மணி நேரத்தில் உயிராபத்து ஆகிவிடும்.

அடுத்தது, உங்கள் மனைவி இரவில் பார்க்கும் போன். அவர் விழிக்கும் நேரத்தில் ஊரில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே தேடினால் புதிதாக ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். செய்தியை ஒரு நாளில் ஒன்றிரண்டு முறை, குறித்த நேரத்தில் பார்த்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொன்னது. இரண்டு நாட்டுச் செய்திக்கும் சேர்த்தே அந்த ஒன்றிரண்டு முறை. ஆனால் “போனை அணைத்து வை” என்று சொன்னால் மட்டும் அவர் கேட்க மாட்டார், கேட்கவும் முடியாது. ராத்திரி ஊரிலிருந்து அவசர அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. போனில் ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பு இருக்கிறது. அதில் செய்தி சொல்லும் பொறுப்பை ஏற்றவரின் எண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். போன் படுக்கையறைக்கு வெளியே, மணி காதில் விழும் தூரத்தில் இருக்கட்டும். மணி அடிக்கவில்லை என்றால் அவசரம் இல்லை என்று பொருள். விழித்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து போய், மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான வேலை எதையாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது படுக்கைக்கு வந்தால் போதும்.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அப்படிக் கடக்கப் போவதில்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களை 1970-களில் கவனித்து, ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். இழந்துவிட்டோமா இல்லையா என்று மனம் முடிவுக்கு வராத துயரம் அது. நாடு விட்டு நாடு வந்தவர்களின் பிரிவிலும் அவர் அதையே கண்டார். அருகில் இருந்து வழியனுப்பாத மரணத்திலும் இதன் சாயல் உண்டு. செத்துப்போனார் என்று அறிவுக்குத் தெரியும், ஆனாலும் ஊருக்குப் போனால் அப்பா அதே நாற்காலியில் இருப்பார் என்று ஒரு மூலை நம்பிக்கொண்டிருக்கும். காலம் கடந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். கடைசி நாட்களில் அவரோடு இருந்தவரிடம், என்ன பேசினார், எப்படிப் படுத்திருந்தார், யார் யார் வந்தார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். திரையில் பார்த்தபோது விட்டுப்போனதை அந்தப் பேச்சு நிரப்பும். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அவனுக்கும் அவர் தாத்தா.

பணம், விசா பற்றிச் சுருக்கமாக. புலம்பெயர்ந்தவர்கள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு அனுப்பும் பணம் 2020-ல் சுமார் 20 சதவீதம் சரியும் என்று உலக வங்கி அந்த ஆண்டு ஏப்ரலில் கணித்தது. பிற்பாடு கணக்குப் பார்த்தால் 1.6 சதவீதம்தான் குறைந்திருந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பலர் தங்கள் செலவைச் சுருக்கி, சேமிப்பில் கைவைத்து அனுப்பியது. பாராட்ட வேண்டியதுதான், ஆனால் ஊருக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை நெருக்கடி நேரத்தில் ஒருவர் மட்டும் ரகசியமாக முடிவு செய்தால் கணவன் மனைவிக்குள் சண்டை நிச்சயம். உச்சவரம்பை இப்போதே இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, விசா முடியும் தேதிகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேலை போனால் எத்தனை நாள் அவகாசம் என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தெரியாத விதியைப் பற்றித்தான் மனம் அதிகமாகக் கற்பனை செய்யும்.

உங்கள் மகன் விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்குப் பொறுப்பும் பெருமையும் வரும், அது உண்மை. பள்ளிச் சுற்றறிக்கை, மின்கட்டணம் என்றால் படித்துச் சொல்லட்டும். ஆனால் பரிசோதனை முடிவு, வேலை நீக்கக் கடிதம், விசா மறுப்பு போன்றவற்றில் வீட்டின் கெட்ட செய்தியை முதலில் அறிபவன் அவனாகிவிடுகிறான். கடிதத்தைப் பிரித்து, இரண்டாம் பத்தியில் கண் நின்று, அப்பா முகத்தைப் பார்த்து, “ஒண்ணும் முக்கியமில்லப்பா” என்று ஒரு சிறுவன் சொன்னால், பெரியவர்களின் பொய்யை அவனும் கற்றுக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம். அரசுக் கடிதங்களுக்குப் பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள். போனிலேயே கேமராவைக் காட்டினால் எழுத்தை மொழிபெயர்க்கும் செயலிகளும் உண்டு. கடிதம் எதைப் பற்றியது என்று அறிய அது போதும்.

உங்கள் மனைவியின் தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால், கூடவே எதிலும் ஈடுபாடு இல்லை, காரணமில்லாமல் படபடப்பு என்றால், மருத்துவரைப் பாருங்கள். கொரோனாவின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தெரிவித்தது, ஆகவே இதில் அவர் தனியாள் இல்லை. “இருந்து என்ன பயன்” என்ற மாதிரிப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அவசர உதவியை நாடுங்கள். நேரம் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல நாடுகளில் மருத்துவமனையே நேரிலோ தொலைபேசியிலோ ஏற்பாடு செய்துதரும். அந்தச் சந்திப்பைப் பள்ளி நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் அப்போது வகுப்பில் இருக்கட்டும்.