கடல் அலை குறுக்கலையா, நெட்டலையா?

வணக்கம் ஐயா. பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் மிதந்த பந்து கரைக்கு வராமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்த உங்கள் மகள், படிவம் 4 இயற்பியலில் கடல் அலையைக் குறுக்கலை என்பதா, நெட்டலை என்பதா எனக் குழம்புவதாக எழுதியிருந்தீர்கள்.

அவர் கவனித்தது மிகச் சரி. அலை சுமந்து செல்வது ஆற்றலையே, நீரை அன்று. கயிற்றை உதறினால் அதன் துகள்கள் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அசையும், அது குறுக்கலை. ஒலியில் காற்று அதே திசையில் நெருங்கி விலகும், அது நெட்டலை. கடலின் மேற்பரப்பில் இரண்டும் கலந்திருக்கின்றன: முகடு (அலையின் உச்சி) கடக்கும்போது நீர் முன்னோக்கியும் அகடு (அலையின் பள்ளம்) கடக்கும்போது பின்னோக்கியும் நகர்வதால், ஒவ்வொரு துகளும் வட்டமிட்டு ஏறத்தாழத் தன் இடத்துக்கே திரும்புகிறது. ஆழத்தில் அவ்வட்டம் சுருங்கி, அலைநீளத்தில் பாதியளவு ஆழத்தில் அசைவு பெரும்பாலும் அடங்கிவிடும். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகமும் அலைநீளமும் குறைகின்றன. அதிர்வெண் மட்டும் மாறுவதில்லை (இதை மகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள்). உயர்ந்த முகடு உடையும்போதுதான் நீர் உண்மையாகவே கரைக்குப் பாய்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று பினாங்கைத் தாக்கிய ஆழிப்பேரலையும் ஆழம் குறைந்தால் வேகம் குறையும் என்ற இவ்விதிக்கு உட்பட்டதே. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அத்தகைய அலை, 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டராகத் தளர்ந்து, அதற்கேற்ப உயர்கிறது.

பள்ளிப் பாடத்தில் சிற்றலைத் தொட்டியின் (நீரலைகளை உண்டாக்கிக் காட்டும் ஆழமற்ற ஆய்வுத் தொட்டி) நீரலையைக் குறுக்கலையாகக் கொள்வதே வழக்கம்; ஆகவே தேர்வில் அப்படியே எழுதட்டும்.