வியட்நாம் போகும் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். மாமியாருக்கு 66 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மகனுக்கு 6 வயது. போன தடவை வெளிநாடு போனபோது எல்லோருக்கும் வயிறு கெட்டு ரூமிலேயே முடங்கினோம். கிளம்பும் நாள் முதலே தினம் ஒரு ஆன்டிபயாடிக் போடச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். கணவரோ, 'தட்டுவடை செட் தின்று வளர்ந்த வயிறு, எதையும் தாங்கும்' என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அன்புச் சகோதரி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். நோய் வருமுன்பே ஆன்டிபயாடிக் போட்டால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, மருந்துக்கு அடங்காதவை குடியேறும். ஊர்க் கிருமிக்கு உடம்பு ஓரளவு பழகியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பயணிகளைப் படுத்தும் ஈ.கோலை என்ற கிருமியில் பல ரகம் உண்டு. சேலத்தில் பழகிய வயிறு ஹனோயிலும் தாங்கும் என்று நம்ப முடியாது.

பேதி ஆனால் பயப்பட வேண்டியது உடம்பிலிருந்து போகும் நீருக்கும் உப்புக்கும்தான். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரை கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதனால் பெட்டியில் முதலில் வையுங்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பெரிய பொட்டலத்துக்கு முழுதாக ஒரு லிட்டர் தண்ணீர். அதை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். அப்படிக் கொடுத்தால் பேதி கூடும். ஜூஸ் டப்பா இதற்கு ஈடாகாது. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மகனுக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக.

மாமியாருக்கு 'சர்க்கரை ஆச்சே' என்று ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். எனக்குக் கவலை அவருடைய மாத்திரைகள் மேல்தான். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சிக்கலில் மாட்டிவிடும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை உடம்பில் தேங்கி, ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிவிடலாம். பேதி ஆனால் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று இந்த வாரமே அவருடைய டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. அவசரத்துக்கு ஆன்டிபயாடிக் கையில் வேண்டுமா என்றும் அப்போதே கேளுங்கள்.

பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரை பஸ் பயணம் போன்ற நெருக்கடிக்குப் பெரியவர்களுக்கு உதவும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கூடாது. மகனுக்கு வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆவி பறக்க வரும் ஃபோ என்ற வியட்நாம் நூடுல்ஸ் சூப்பைத் தாராளமாகச் சாப்பிடலாம். கூடவே தட்டில் வரும் பச்சை இலைகளையும் முளைப்பயறையும் ஒதுக்குங்கள். ஐஸ் வேண்டாம். வெட்டி வைத்த பழத்தைவிட நீங்களே உரிக்கும் வாழைப்பழம் மேல். பல் துலக்கவும் சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர்தான். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வாந்தி, பேதி தரும் நோரோவைரஸை சானிடைசர் அவ்வளவாகக் கொல்லாது.

வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகும் வழக்கம் இருந்தால் ஒரு மாற்றம் செய்யுங்கள். வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி விடும் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. புளிக்காய்ச்சலை மட்டும் எடுத்துப் போய், அங்கே சுடச்சுடச் சோறு வாங்கிப் பிசையுங்கள்.

பேதி ஆனாலும் பட்டினி போடாதீர்கள். ஊர் திரும்பியும் வயிறு சரியாகாவிட்டால் நம்ம ஜவ்வரிசிக் கஞ்சி உப்புப் போட்டு நீர்க்கக் குடிக்கலாம்.

மலத்தில் ரத்தம், 102 டிகிரி காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மகன் துவண்டு கிடப்பது, மாமியாருக்குத் தலைசுற்றல் - எது வந்தாலும் ஹோட்டலில் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கான பயண இன்ஷூரன்ஸை விசா எடுக்கும்போதே எடுத்துவிடுங்கள். திரும்பி வந்து இரண்டு வாரம் தாண்டியும் பேதி நிற்காவிட்டால், ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். டாக்டரிடம் வியட்நாம் போய் வந்ததைச் சொல்லி மலப் பரிசோதனை கேளுங்கள்.