நான்கு நிலை வீடியோ போக்கர்: மேலே ஏறுவதன் விலை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஐந்து சீட்டு தந்து, வேண்டாதவற்றை ஒருமுறை மாற்றவிட்டு, ஜாக் ஜோடியிலிருந்து மேலான கைகளுக்குப் பரிசு தரும் சாதாரண ஜாக்ஸ் ஆர் பெட்டர் ஆட்டத்தின் உத்தியை ஓரளவு பிழையின்றி ஆடுவேன். அண்மையில் மல்டி ஸ்ட்ரைக் என்ற நான்கு நிலை ஆட்டத்துக்கு மாறினேன். அதே 9/6 பரிசுப் பட்டியல்தான், அதே உத்தியைத்தான் கடைப்பிடிக்கிறேன். ஆனாலும் கைவசமுள்ள காசுகள் முன்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைகின்றன. மேல் நிலைகளின் 2, 4, 8 மடங்குப் பரிசு வெறும் கண்கட்டுதானா? என் உத்தியில் பிழை உள்ளதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பரிசுகள் உண்மையானவை. உத்தியில்தான் திருத்தம் தேவை. ஆனால் காசு கரைவதற்கு முதற்காரணம் உத்தி அல்ல, ஆட்டத்தின் அமைப்பு. நிலைக்கு 5 காசு வீதம் 20 காசுகளை முன்கூட்டியே வைக்கிறீர்கள். பொதுவாக ஒரு நிலையில் வென்றால்தான் அடுத்ததற்கு ஏற முடியும். முதல் நிலையில் தோற்றால், ஆடப்படாத மூன்று நிலைகளுக்கான 15 காசுகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. முதல் இரண்டு நிலைகளிலும் ஜாக் ஜோடியே கிடைத்து மூன்றாவதில் தோற்றால் 5, 10 என 15 காசுகள்தான் திரும்புகின்றன. இரண்டு முறை வென்ற சுற்றும் நட்டத்தில் முடிகிறது. ஏறத்தாழ எட்டுச் சுற்றுகளில் ஒன்றுதான் நான்காம் நிலையைத் தொடும். நெடுநாள் கணக்கில் ஒவ்வொரு நிலையும் ஒரே அளவே தருகிறது என்றாலும், அதில் பெரும்பகுதி அரிதாக வரும் சில சுற்றுகளில் குவிந்து கிடக்கிறது.

ஃப்ரீ ரைடு சீட்டின் பங்கையும் இங்கே சொல்ல வேண்டும். 9/6 பட்டியலில், அதாவது ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று சீட்டும் ஒரு ஜோடியும்) 9, ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) 6 மடங்கு தரும் பட்டியலில், முறையாக ஆடினால் திரும்புவது 99.54 சதவீதம். ஆனால் ஒரு கை ஏதேனும் பரிசு பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 45.5 சதவீதம் மட்டுமே. பாதிக்கும் குறைவான இந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு பரிசை இரட்டித்துச் சென்றால் ஒவ்வொரு நிலையும் முந்தையதைவிடக் குறைவாகவே தரும். மொத்தம் 87 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். வென்றாலும் தோற்றாலும் அடுத்த நிலைக்கு அனுப்பும் ஃப்ரீ ரைடுதான் ஏறும் வாய்ப்பைப் பாதியாக உயர்த்தி அந்தக் குறையை ஈடுசெய்கிறது.

இனி உத்தி. பட்டியலில் அச்சிடப்படாத ஒரு பரிசு ஒவ்வொரு வெற்றியோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: அடுத்த நிலையை ஆடும் உரிமை. நான்காம் நிலையில் பரிசு 8 மடங்கு என்பதால், அங்கே ஒரு கை சராசரியாக ஏறத்தாழ 40 காசு தரும். மூன்றாம் நிலையின் மதிப்பு அதன் சொந்த 20 காசும், பாதி வாய்ப்பில் வரும் அந்த 40 காசும் சேர்ந்து மறுபடியும் 40. இவ்வாறே இரண்டாம் நிலையின் மதிப்பு 30. ஆகவே முதல் நிலையில் ஜாக் ஜோடி உங்களுக்குத் தருவது 5 காசு அல்ல, 35 காசு. மிக உயர்ந்த கையான ராயல் ஃப்ளஷின் 4,000 காசோடும் அதே 30தான் சேர்கிறது என்பதால் பெரிய கைகளுக்கு இதனால் பெரிய வேறுபாடு இல்லை. சிறிய வெற்றிகளின் எடைதான் தலைகீழாக மாறுகிறது.

ஹார்ட்டினில் 8, 9, 10, ஜாக் ஆகியவற்றோடு ஸ்பேட் ஜாக்கும் வந்திருப்பதாகக் கொள்வோம். வழக்கமான உத்தி ஜோடியை உடைத்து, ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து வரும் ஐந்து சீட்டுகளான ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷை நாடச் சொல்லும், ஏனெனில் 5 காசுக்கு ஜோடி சராசரியாக 7.7 காசும் நான்கு ஹார்ட்டின்கள் 17.9 காசும் தருகின்றன. முதல் நிலையிலோ ஜோடியின் வெற்றி முன்பே உறுதி என்பதால் 30 முழுவதும் சேர்ந்து 37.7 ஆகிறது. நான்கு ஹார்ட்டின்களுக்கு உதவும் சீட்டுகள் மீதமுள்ள 47இல் 17 மட்டுமே. அதன் மதிப்பு 28.7இல் நின்றுவிடுகிறது. எனவே ஜோடியை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நிலையிலும் 55.4, 50.2 என ஜோடியே முந்துகிறது. மூன்றாம் நிலையில் கணக்கு திரும்புகிறது: ஜோடிக்கு 70.7, நான்கு ஹார்ட்டின்களுக்கு 86. நான்காம் நிலைக்கு மேல் ஏற இடமில்லை. அங்கே நீங்கள் அறிந்த பழைய உத்தியே போதும்.

ஜாக்குக்குக் கீழான சிறிய ஜோடியா, ஜாக்கோ அதற்கு மேலான சீட்டோ இல்லாத, ஒரே சின்னத்து நான்கு சீட்டுகளை வைத்து நாடும் ஃப்ளஷா என்ற கேள்விக்கும் இதே விடைதான். முதல் நிலையில் ஜோடி தெளிவாகவும் இரண்டாவதில் மயிரிழையிலும் முந்துகிறது. மேல் இரண்டு நிலைகளில் ஃப்ளஷ் முந்துகிறது.

இரண்டு நிலைமைகளில் இந்தத் திருத்தத்தைக் கைவிட வேண்டும். சீட்டு மாற்றுவதற்கு முன்பே ஃப்ரீ ரைடு வந்துவிட்டால் அந்த 30 காசு எப்படி ஆடினாலும் உங்களுடையது, ஆகவே 7.7ஐயும் 17.9ஐயும் மட்டும் ஒப்பிட்டு ஜோடியை உடையுங்கள். இரண்டு நிலைகளுக்கு மட்டும் 10 காசு வைத்து ஆடினாலும் உடைக்கத்தான் வேண்டும், ஏனெனில் அப்போது ஏறுவதன் மதிப்பு 30 அல்ல, 10 மட்டுமே: ஜோடிக்கு 17.7, நான்கு ஹார்ட்டின்களுக்கு 21.5.