தேடுவது எதற்கு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மார்த்தாண்டத்திலிருந்து எழுதுகிறேன். மின்னணுவியல் பொறியியல், இறுதியாண்டு. விமானப்படை அதிகாரித் தேர்வுக்குப் படிக்கிறேன். நேர்முகத்துக்கு உதவும் என்று நம் ராணுவ விமான விபத்துகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். 1968 ரோதங் கணவாய், 2016 ஏஎன்-32 போக்குவரத்து விமானம், 2021 குன்னூர் ஹெலிகாப்டர், ‘பறக்கும் சவப்பெட்டி’ மிக்-21 போர் விமானம் என்று நீளமான பட்டியல். அதை அம்மா பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இவற்றுக்கெல்லாம் காரணம் எந்திரமா, மனிதரா? அம்மாவிடம் என்ன சொல்ல? இன்னொன்று: ஏஎன்-32-ஐ ஏழரை வருடம் கழித்துக் கடலடியில் கண்டுபிடித்து யாருக்கு என்ன லாபம்? எல்லோரும் இறந்தது தெரிந்ததுதானே. அந்தச் செலவில் புதுக் கருவி வாங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தபோது நான் கடியபட்டணத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் இருந்தேன். வேறு எங்காவது இருந்து படித்திருந்தால் ஒருவேளை பதில் எழுதியிருக்க மாட்டேன்.

எந்திரமா மனிதரா என்பது பட்டிமன்றத் தலைப்பு. குன்னூரையே எடுத்துக்கொள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் போனது, ஓட்டியவருக்கு மேல்கீழ் தெரியாமல் ஆனது, பழுதில்லாத எந்திரம் மலையில் மோதியது என்றது முப்படை விசாரணை. பிறகு நாடாளுமன்றக் குழு அறிக்கையில் அது ‘மனிதத் தவறு’ என்று இரண்டு சொல்லாகச் சுருங்கியது. பேச்சிப்பாறை மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அரை நிமிடத்தில் எதிரே இருந்த மலை இல்லாமல் போகும். அதில் எந்த அளவு மேகம், எந்த அளவு மனிதன் என்று நீயே பிரித்துக்கொள். ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற சொல்லை இனி எனக்கு எழுதாதே. மிக்-21 1963-ல் வந்து 2025 செப்டம்பரில் விடைபெற்றது. அதில் போன பிள்ளைகளின் தாய்மார் இன்றும் பத்திரிகை படிக்கிறார்கள்.

உன் கடைசி வரிக்கு வருகிறேன். “தெரிந்ததுதானே” என்று எழுதியிருக்கிறாய். யாருக்குத் தெரிந்தது, தம்பி?

1981 ஆடியில் பெரியப்பா கட்டுமரத்தில் போனார். இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். மூவரும் திரும்பவில்லை, மரமும் கரை ஒதுங்கவில்லை. எனக்கு ஒன்பது வயது. முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் நாங்கள் பிள்ளைகளெல்லாம் போய் உட்கார்ந்திருந்தோம். பெரியவர்கள் எங்களைக் கூப்பிடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ரேஷன் கார்டில் பெரியப்பா பெயர் அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் சாவுச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் வேண்டுமென்றால் உடல் வேண்டும், உடல் இல்லையென்றால் ஏழு வருடம் பொறுக்க வேண்டும் என்றார்கள். அன்றைய சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவு. ஏழு வருடம் தகவல் இல்லாத ஆளை உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது அது. 1988-ல் ஏழு வருடம் முடிந்தது. என் அப்பா மனு எழுதிக்கொண்டு போனார். பெரியம்மா பேனாவை வாங்கவில்லை. “நான் கையெழுத்துப் போட்டு அவரக் கொல்லணுமா?” என்று கேட்டார்.

1996-ல் அக்காவுக்குக் கல்யாணம். கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள் அல்லவா, இன்னார் மகன் இன்னார் மகளை மணக்கப் போகிறார் என்று. அப்பா இல்லாத பிள்ளைக்குக் ‘காலஞ்சென்ற’ என்று சேர்த்து வாசிப்பது வழக்கம். பெரியம்மா முந்தின நாளே பங்குச் சாமியாரிடம் போய்விட்டார். “சாமி, நீங்க பாத்தீங்களா?” அவ்வளவுதான் கேட்டார். அந்த நல்ல மனிதர் மூன்று வாரமும் அந்தச் சொல் இல்லாமலே வாசித்தார். கோயிலில் இருந்த அத்தனை பேருக்கும், நீ சொல்கிறாயே, அந்தத் ‘தெரிந்த’ விஷயம் தெரியும். அக்காவுக்கும் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. 

இப்போது ஏஎன்-32. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்தில் கிளம்பி போர்ட் பிளேருக்குப் போனது, 29 பேர். வங்காள விரிகுடாவுக்கு மேலே 23,000 அடியிலிருந்து இடப்பக்கம் திரும்பி வேகமாக இறங்கியதை ரேடார் பார்த்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஆண்டே 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுகிறார்கள் என்று வீடுகளுக்குக் கடிதம் போனது. ஓய்வூதியத்துக்கு அது தேவை, அனுப்பியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘கருதப்படுகிறார்கள்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண் எப்படிப் பொட்டை அழிப்பாள்? 

நீ படிக்கும் படிப்பிலேயே சொல்கிறேன். அதற்கு ஒரு வருடம் முன்னால், 2015 ஜூனில், கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் ஒன்று மூன்று பேரோடு நம் கிழக்குக் கரைக்கு அப்பால் விழுந்தது. அடுத்த மாதமே கண்டுபிடித்தார்கள், பிச்சாவரத்துக்கு நேரே, 950 மீட்டர் ஆழத்தில். எப்படி? அதில் தண்ணீர் பட்டதும் தானாகக் கூப்பிடும் ஒலிக்கருவி இருந்தது. 37.5 கிலோஹெர்ட்ஸ், மனிதக் காதுக்குக் கேட்காது. பேட்டரி ஒரு மாதம் போல நிற்கும். அதன் குரலை ‘சிந்துத்வஜ்’ நீர்மூழ்கி கேட்டது. ஏஎன்-32-இல் கடலுக்கடியிலிருந்து கூப்பிடும் அந்தக் கருவி இல்லை. ஒரு மாதத்துக்கும் ஏழரை வருடத்துக்கும் நடுவே இருந்தது அந்தக் கையளவுக் கருவிதான். “புதுக் கருவி வாங்கியிருக்கலாம்” என்று எழுதும்போது இது உன் நோட்டில் இருந்ததா? விழுந்த தேதியும் செத்த எண்ணிக்கையும் மட்டும் எழுதினால் அது கிரிக்கெட் ஸ்கோர். கிழித்துப் போடு. அம்மா கோபப்பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ரோதங் விமானத்தில் 102 பேர். 2003-ல்தான் முதல் தடயம். 2024 செப்டம்பர் கடைசியில் பனியிலிருந்து இன்னும் நான்கு உடல்களை எடுத்தார்கள். ஒருவர் நமக்குப் பக்கத்துப் பத்தனம்திட்டை இலந்தூர்க்காரர், 22 வயதில் போனவர். 56 வருடம் கழித்துத் தன் ஊர்க் கோயிலுக்கு வந்தார். பெற்றோர் அதற்குள் போய்விட்டார்கள். தம்பிமார் தூக்கிப் போய் அடக்கினார்கள். லாபம் என்ன என்று அவர்களிடம் கேள்.

2017 ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆண்கள் அதிகாரிகளிடம் கேட்டதும் இதையேதான்: “எங்களயும் கூட்டிட்டுப் போங்க, நீவாடு எங்க இழுக்கும்னு எங்களுக்குத் தெரியும்.” நீவாடு என்றால் கடல் நீரோட்டம். அதன் பிறகு தங்கள் போட்டுகளிலேயே தேடப் போனார்கள். குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். பணம் வேண்டுமென்று மறித்ததாகச் சிலர் பேசினார்கள். நான் அந்தத் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று என் காதில் விழுந்த சொல் ‘தேடு’ ஒன்றுதான்.

2024 ஜனவரியில் செய்தி வந்தது. சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து 140 கடல்மைல் தூரத்தில் உடைந்த பாகங்களைப் படம் எடுத்தது. அந்தக் கடல் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதில்லை, அதனால் அது ஏஎன்-32-தான் என்றார்கள். பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “எத்தன பாகம் ஆழம் மக்களே?” என்றார். ஒரு பாகம் என்பது ஆறடி. 3,400 மீட்டரைக் கணக்குப் போட்டு, 1,860 பாகம் இருக்கும் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னிக்கி அவ்வளவு கயிறு யாருட்ட இருந்துது” என்றார். 42 வருடத்தில் பெரியப்பா ஆழத்தில் கிடக்கிறார் என்கிற மாதிரி அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

தேர்வை எழுது. அம்மாவிடம் சொல்ல என்னிடம் வாக்கியம் எதுவும் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எல்லோரும் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், பெரியம்மா கரை மணலில் குழி தோண்டி, காற்றுக்கு மறைத்து ஒன்று வைப்பார். இப்போது குனிய முடியவில்லை, கூட ஆள் வேண்டும். நீ வா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. இருட்டுவதற்கு முன் வந்துவிடுங்கள்.