சுளுக்குக்கு டிஎம்எஸ்ஓ தடவலாமா?

கணுக்கால் பிசகினால் டிஎம்எஸ்ஓ தடவச் சொல்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தடவ மாட்டேன்.

டிஎம்எஸ்ஓ, அதாவது டைமெத்தில் சல்பாக்சைடு என்பது மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும்போது துணைப்பொருளாகக் கிடைக்கும் கரைப்பான். 18.5 டிகிரிக்குக் கீழே போனால், மார்கழிக் காலைத் தேங்காய் எண்ணெய் மாதிரி பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடும். 1960களில் அமெரிக்காவின் ஓரிகன் மருத்துவப் பள்ளியில் ஸ்டான்லி ஜேக்கப் என்ற மருத்துவர், இது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதைக் கவனித்தார். சுளுக்கு, மூட்டுவலி என்று அங்கே பலரும் பூச ஆரம்பித்தார்கள். இதைக் கொடுத்த விலங்குகளின் கண் வில்லையில் மாற்றம் தெரிந்ததால் 1965ல் மனிதச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 1978ல் அமெரிக்க அரசு அனுமதித்தது ஒருவகைச் சிறுநீர்ப்பை அழற்சிக்கு மட்டும்தான். 

கையில் தடவிய சில நிமிடங்களில் வாயில் பூண்டு ருசி தட்டும். அத்தனை வேகமாக ரத்தத்தில் கலக்கிறது. சிக்கலே அங்கேதான். தோலில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து, சாயம் போன்றவற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு போகலாம். கடையில் கிடைப்பது பெரும்பாலும் தொழிற்சாலைத் தரம். அதில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? தோல் சிவந்து அரிக்கவும் செய்யும்.

டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணியோடு டிஎம்எஸ்ஓவைச் சேர்த்த முழங்கால் மூட்டுத் தேய்மான மருந்து ஒன்று உண்டு. அதில் வலியைக் குறைப்பது டைக்ளோஃபெனாக். டிஎம்எஸ்ஓ அதைத் தோலுக்குள் கொண்டுபோகும் வண்டி.

இப்போதைக்குத் துணி சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்து ஓய்வு. நாலடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.