பட்ஜெட்டை வெட்டிய பின் வரும் சீர்திருத்தம்

அமெரிக்க ஆசிரியர் சங்கங்களின் போராட்டங்களைக் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம்.

கேள்வி: பள்ளிகளுக்கான நிதி குறைக்கப்படும்போது அமெரிக்க ஆசிரியர்கள் வாஷிங்டனுக்குப் போகாமல் தங்கள் மாநிலத் தலைநகரில் திரள்வது ஏன்?

பதில்: பணத்தை ஒதுக்குவதும் வெட்டுவதும் மாநில அரசுதான் என்பதால். பள்ளிக்கல்விச் செலவில் மத்திய அரசின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று மட்டுமே. எஞ்சியதை மாநில வரி வருவாயும் உள்ளூர்ச் சொத்து வரியும் சுமக்கின்றன. பெரும்பாலான மாநிலங்கள் வரவுக்குள் செலவை அடக்கியே தீர வேண்டும் என்று சட்டத்தால் கட்டுப்பட்டவை. ஆகவே 2008 நிதி நெருக்கடியில் வருவாய் சரிந்தவுடன் கல்வி நிதியில் கை வைத்தார்கள். பொருளாதாரம் மீண்ட பிறகும் சில மாநிலங்கள் பிடுங்கியதைத் திருப்பித் தராமல் வருமான வரியைக் குறைத்தன என்பதுதான் ஆசிரியர்களின் கோபத்துக்கு அடிப்படை. ஓக்லஹோமா மாநிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பள்ளி மாவட்டங்கள் (உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்புகள்) செலவைச் சமாளிக்க வாரத்துக்கு நான்கு நாள் மட்டுமே வகுப்பு நடத்தின. 2018 ஏப்ரலில் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியபோது, அட்டை பிய்ந்து பக்கங்கள் உதிர்ந்த பாடநூல்களை ஆசிரியர்கள் படம் பிடித்து வெளியிட்டார்கள். எந்தப் புள்ளிவிவரத்தையும் விட அந்தப் படங்கள்தான் பெற்றோரை அசைத்தன.

கேள்வி: வேலைநிறுத்தம் செய்யும் உரிமையே இல்லாத மேற்கு வர்ஜீனியாவில் ஆசிரியர்கள் வென்றது எப்படி?

பதில்: சங்கத் தலைமையையும் மிஞ்சிய ஒற்றுமையால் என்றே சொல்வேன். அந்த மாநிலத்தில் ஆசிரியர்களுக்குக் கூட்டுப் பேச்சுவார்த்தை உரிமை, அதாவது சங்கத்தின் மூலம் சம்பளத்தையும் பணி நிலைமையையும் பேசி ஒப்பந்தம் செய்யும் உரிமை, சட்டப்படி கிடையாது; வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அரசுத் தரப்பு வெளிப்படையாகவே எச்சரித்தது. சம்பளம் நாட்டிலேயே மிகக் குறைந்த வரிசையில் இருக்க, அரசு முன்வைத்ததோ முதல் ஆண்டுக்கு 2 சதவீத உயர்வு. அதையும் விழுங்கும் அளவுக்கு மருத்துவக் காப்பீட்டுச் செலவு ஏறிக்கொண்டிருந்தது. தங்கள் உடற்பயிற்சி விவரங்களைக் கைப்பேசிச் செயலியில் பதிய வேண்டும், மறுத்தால் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற திட்டம் ஒன்றும் வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அது கைவிடப்பட்டது. ஆனால் தங்களை எவ்வளவு மலிவாக எடைபோடுகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அதற்குள் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

2018 பிப்ரவரி 22 அன்று மாநிலத்தின் 55 கவுண்டிகளிலும் (நம் மாவட்டங்களைப் போன்ற பிரிவுகள்) பள்ளிகள் மூடின. பேருந்து ஓட்டுநர்களும் சமையல் ஊழியர்களும் உடன் நின்றார்கள். சில நாட்களில், ஆசிரியர்களுக்கு 5 சதவீதம், மற்ற அரசு ஊழியர்களுக்கு 3 சதவீதம் என்று மாநில அரசின் தலைவரான ஆளுநருடன் உடன்பாடு கண்டுவிட்டதாகச் சங்கத் தலைவர்கள் அறிவித்தார்கள். காப்பீட்டுப் பிரச்சினை தீரவில்லை, சட்டமன்றமும் ஒப்புதல் தரவில்லை என்று சொல்லி உறுப்பினர்கள் பணிக்குத் திரும்ப மறுத்துவிட்டார்கள். ஒன்பது பள்ளி நாட்களுக்குப் பிறகு எல்லா அரசு ஊழியர்களுக்கும் 5 சதவீத உயர்வு சட்டமாயிற்று. காப்பீட்டை ஆராயக் குழுவும் அமைந்தது. தங்களுக்கு மட்டும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்காமல் மற்ற ஊழியர்களுக்காகவும் அவர்கள் நின்றதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கேள்வி: போராட்ட நாட்களில் பாதிக்கப்படுவது ஏழைப் பிள்ளைகள் அல்லவா?

பதில்: ஆம், அந்தக் கவலை நியாயமானது. பள்ளி மூடினால் பல பிள்ளைகளுக்கு மதிய உணவு இல்லை. மேற்கு வர்ஜீனிய ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்கு முன்பே உணவுப் பொட்டலங்களைக் கட்டி மாணவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். இப்படி ஏற்பாடு செய்யாமல் போராட்டத்தில் இறங்கும் சங்கத்துக்குப் பெற்றோரின் ஆதரவைக் கேட்கும் தகுதி குறைவு என்பதே என் கருத்து.

கேள்வி: நிதி வெட்டை எதிர்ப்பது சரி. பள்ளிச் சீர்திருத்தத்தையும் எதிர்ப்பது சுயநலம்தானே?

பதில்: எந்தச் சீர்திருத்தம் என்பதைப் பொறுத்தது. சிகாகோவில் 2012 செப்டம்பரில் நடந்த ஏழு நாள் வேலைநிறுத்தத்தின் மையத்தில் இருந்த பிரச்சினைகளில் ஒன்று, மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை மதிப்பிடுவது. வீட்டில் பசியோடும் பயத்தோடும் வாழும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கு ஆசிரியர் ஒருவரே பொறுப்பு என்பதைச் சங்கம் ஏற்கவில்லை. அதே சமயம், பள்ளி தொடங்கும் நாளிலேயே மாணவர் கையில் பாடநூல் இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வைத்தது. மறு ஆண்டு அந்த நகரம் சுமார் 50 பள்ளிகளை மூடியது. ஆகவே சங்கத்தின் சந்தேகம் வெறும் பிடிவாதம் அல்ல.

மேற்கு வர்ஜீனியாவில் 2019 பிப்ரவரியில் வந்த மசோதா இன்னும் வெளிப்படையானது. சம்பள உயர்வையும், அரசுப் பணத்தில் தனியார் நிர்வாகத்தில் இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கான அனுமதியையும் ஒரே மசோதாவில் பிணைத்திருந்தார்கள். உயர்வு வேண்டுமென்றால் மற்றதையும் ஏற்றாக வேண்டும். ஆசிரியர்கள் தங்கள் சம்பள உயர்வு அடங்கிய அந்த மசோதாவையே எதிர்த்து மீண்டும் பள்ளிகளை விட்டு வெளியேறினார்கள். அன்றே சட்டமன்றத்தின் கீழவை அதைக் கிடப்பில் போட்டது. சம்பளத்துக்காக மட்டும் போராடுபவர்கள் செய்யக்கூடிய காரியமா இது? ஆனால் சில மாதங்களிலேயே சார்ட்டர் பள்ளிகளை வரம்புடன் அனுமதிக்கும் சட்டம் வேறு வழியில் நிறைவேறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

திறமையற்ற ஆசிரியரைக் காப்பாற்றுவதே சங்கத்தின் வேலை என்ற குற்றச்சாட்டுக்கும் ஒரு பதில் உண்டு. ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ நகரில் 1981 முதல், அனுபவம் மிக்க ஆசிரியர்கள் புதியவர்களுக்கும் தடுமாறுபவர்களுக்கும் வழிகாட்டி அவர்களை மதிப்பிடுகிறார்கள். சங்கமும் நிர்வாகமும் சேர்ந்த குழு, தேறாதவர்களைப் பணியிலிருந்து விலக்கவும் பரிந்துரைக்கிறது. இத்தகைய திட்டத்தைச் சங்கங்கள் தாமே முன்வந்து கேட்க வேண்டும். கேட்காத இடங்களில்தான் அரசு தன் அளவுகோலைத் திணிக்கிறது.

கேள்வி: அரசு சங்கத்தையே ஒடுக்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: விஸ்கான்சினில் அதுதான் நடந்தது. பட்ஜெட் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 2011இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த சட்டம், ஓய்வூதியத்துக்கும் காப்பீட்டுக்கும் ஊழியர்கள் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றதோடு நிற்கவில்லை. அடிப்படைச் சம்பளம் தவிர வேறு எதையும் சங்கம் நிர்வாகத்துடன் பேசக்கூடாது. அந்த உயர்வும், வாக்காளர்கள் தனியே ஒப்புதல் தந்தாலொழிய, விலைவாசி உயர்வைத் தாண்டக்கூடாது. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. ஆண்டுதோறும் ஊழியர்களில் 51 சதவீதத்தினர் வாக்களித்துச் சங்கத்தை மீண்டும் அங்கீகரிக்க வேண்டும். பல்லாயிரம் பேர் சட்டமன்றக் கட்டடத்தை நிறைத்துப் போராடியும் சட்டம் நிறைவேறியது. சங்க உறுப்பினர் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. பற்றாக்குறையை ஈடுகட்ட ஊழியரின் பங்களிப்பு போதுமென்றால், வகுப்பறையில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம் என்று பேசும் உரிமையை எதற்காகப் பறிக்க வேண்டும்?

இதற்கு மாறாக, லாஸ் ஏஞ்சலிஸ் ஆசிரியர்கள் 2019 ஜனவரியில் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 6 சதவீதச் சம்பள உயர்வோடு, வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கவும் ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேரச் செவிலியரை அமர்த்தவும் நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பேச்சுவார்த்தை உரிமை உயிரோடு இருந்ததால்தான் அந்தக் கோரிக்கைகள் ஒப்பந்தத்தில் இடம்பெற்றன.